1989 கல்கத்தா நடைபாதைக் கொலைகள்: நாவல் எழுதுகிறேன், முடிவில் மாட்டிக்கொண்டேன்

கீழவாசல் செந்தில்:

நண்பர்களே, இரண்டு வருடமாக ஒரு குற்ற நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். களம் கல்கத்தா, 1989. அந்த ஆண்டு ஜூனில் தொடங்கி ஆறு மாதத்துக்குள் நடைபாதையில் தூங்கிக்கொண்டிருந்த 13 பேர் கொல்லப்பட்டார்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி சாவு. தலையில் பெரிய கல்லையோ கான்கிரீட் துண்டையோ யாரோ தூக்கிப் போட்டிருந்தார்கள். நேரம் ராத்திரி, இடம் பெரும்பாலும் மத்திய கல்கத்தா, வெளிச்சம் குறைவான மூலை, தனியாகப் படுத்திருந்த ஆள். பத்திரிகைகள் 'ஸ்டோன்மேன்' என்று பெயர் வைத்தன. போலீஸ் ராத்திரி ரோந்தைக் கூட்டியது, சந்தேகத்தில் பலரைப் பிடித்துப் பிறகு விட்டுவிட்டது. பிறகு கொலைகள் தானாக நின்றுபோயின. யார் செய்தது என்று இன்றுவரை தெரியாது.

என் நாயகன் லால்பஜாரில், அதாவது கல்கத்தா போலீஸ் தலைமையகத்தில், துப்பறியும் பிரிவு அதிகாரி. பதினோரு அத்தியாயம் முடித்துவிட்டேன். இப்போது நகரவில்லை. கொலைகாரனைப் பிடிக்கவைத்தால் நடந்ததற்குப் பொய் சொன்னதாகும். பிடிக்காமல் விட்டால் முந்நூறு பக்கம் கூடவே வந்த வாசகருக்கு என்ன பதில் சொல்வது? இந்த வழக்கு பற்றியோ அந்த ஊர் பற்றியோ தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாட்டுங்கா மணிமேகலை:

செந்தில், கல்கத்தாவுக்கு முன்னாடியே பம்பாயில் இது நடந்திருக்கு. 1985லிருந்து 1988 வரைக்கும், சயான், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் 12 பேர். அதே முறை. தூங்குறவங்க தலையில கல்லு, சில கல்லு 30 கிலோ வரைக்கும் இருந்ததாகச் சொல்வாங்க. அந்தப் பகுதியெல்லாம் நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற இடம். நான் மாட்டுங்கா லேபர் கேம்ப்ல பிறந்து வளர்ந்தவ. அப்போ எனக்கு எட்டு ஒன்பது வயசு.

எங்க சித்தப்பா ஒரு இட்லிக் கடையில மாவு ஆட்டுற வேலை. கடைக்குள்ள படுக்க இடம் கிடையாது, ஷட்டரை இழுத்து மூடிட்டு வெளியிலதான் படுக்கை. அந்த வருஷங்கள்ல எங்கம்மா தினம் சாயங்காலம் போய் "நாலு பேரா சேர்ந்து படுங்கப்பா, சுவத்துப் பக்கமா தலை வைங்கப்பா"ன்னு சொல்லிட்டு வரும். சித்தப்பா ஒரு தகர டப்பாவைத் தலைமாட்டுல வச்சுக்குவார். யாராவது கிட்ட வந்தா கால் தட்டி சத்தம் கேட்கும்னு. அதோட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு.

தப்பிச்ச ஆள் ஒருத்தர் உண்டு. ஹோட்டல்ல சப்ளையர் வேலை பார்த்தவர், அவருக்கும் வீடு கிடையாது. அடி வாங்கியும் உயிரோட ஓடிட்டார். ஆனா இருட்டுல முகத்தைப் பார்க்க முடியல. ஒரே சாட்சி, அவரும் பார்க்கல. 1988 நடுவுல பம்பாயில நின்னுபோச்சு, அடுத்த வருஷம் கல்கத்தாவுல தொடங்குது. ரெண்டும் ஒரே ஆள்தான்னு நிறைய பேர் பேசினாங்க. நிரூபணம் ஆனதில்லை. அதை நாவல்ல உண்மை மாதிரி எழுதிடாதீங்க.

கீழவாசல் செந்தில்:

அக்கா, அந்தத் தகர டப்பா எந்தப் பத்திரிகையிலும் கிடைக்காது. நன்றி. ஒரு கேள்வி. பம்பாயில் எத்தனையாவது கொலையில் இது தொடர் கொலை என்று போலீஸ் கண்டுகொண்டது?

மாட்டுங்கா மணிமேகலை:

ஆறு பேர் செத்த பிறகுன்னுதான் சொல்றாங்க. செத்தவங்க பல பேருக்குப் பேரே தெரியாது. தேடி வர சொந்தக்காரங்க இல்ல. அதனால ஒண்ணோட ஒண்ணைச் சேர்த்துப் பார்க்க யாரும் இல்ல.

ஓய்வு ஆய்வாளர், தஞ்சாவூர்:

தம்பி செந்தில், முப்பத்திரண்டு வருடம் காவல்துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் கேள்வியில் ஒரு தவறு இருக்கிறது. "யார் கொன்றது" என்பதில் நின்றுவிட்டீர்கள். இந்த மாதிரி வழக்கில் விசாரணை அதற்கு முந்தைய படியிலேயே விழுந்துவிடும். செத்தது யார்?

ஒரு வீட்டில் கொலை நடந்தால் முதல் மணி நேரத்திலேயே பத்துப் பேர் அழுதுகொண்டு வருவார்கள். கடைசியாக யாரோடு பேசினார், யாரிடம் கடன், யாரோடு சண்டை, எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். நடைபாதையில் கிடக்கும் உடலுக்கு அந்த வாசல் இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ன் கீழ் பிரேத விசாரணை செய்வோம். இப்போது அதே வேலைக்குப் புதிய சட்டத்தில் பிரிவு 194. பஞ்சாயத்தாராக, அதாவது விசாரணைக்குச் சாட்சிகளாக, சிலரை நிறுத்த வேண்டும். அவர்களும் வழிப்போக்கர்கள், செத்தவனை அறியாதவர்கள். 'அடையாளம் தெரியாத ஆண், வயது சுமார் 45, மாநிறம்' என்று எழுதுவோம். போட்டோ எடுத்து மற்ற நிலையங்களுக்கு அனுப்புவோம். சில நாள் பிணவறையில் வைத்திருந்து, யாரும் வராவிட்டால் அடக்கம். இதைச் செய்த கை என்னுடையது. நான் கையெழுத்துப் போட்ட அப்படிப்பட்ட அறிக்கைகளில் பெயர் என்ற கட்டம் காலியாகவே போனது எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் இன்றும் தூக்கம் போகும்.

இன்னொன்று. ஒரு கொலை ஒரு காவல் நிலைய எல்லையில், அடுத்தது வேறு நிலையத்தில். ஒவ்வொருவரும் தனித் தனி வழக்கு எண் போட்டிருப்பார்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். ஒரு அதிகாரி நாலு நிலையத்துக் கோப்பையும் ஒரே மேசையில் விரித்துப் பார்த்தால்தான் கல் என்ற ஒற்றுமை கண்ணில் படும். உங்கள் நாயகன் செய்ய வேண்டிய முதல் வேலை அது.

கல்கத்தா பற்றி நீங்கள் கட்டாயம் சேர்க்க வேண்டியது ஒன்று உண்டு. உலகத்தின் முதல் கைரேகைப் பிரிவு 1897ல் தொடங்கியது அந்த நகரத்தில்தான். அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு அதிகாரிகளின் உழைப்பு அதில் பெரிது. அந்த ஊரில் இந்தக் கொலைகளுக்கு ஆயுதம் வெறும் கல். ஆனால் சொரசொரப்பான கல்லிலும் கான்கிரீட்டிலும் பயன்படுகிற ரேகை கிடைப்பது அரிது. ஆயுதத்தைக் கொண்டுவரவும் வேண்டாம், எடுத்துப்போகவும் வேண்டாம்.

விறுவிறு வாசகன்:

எல்லாம் சரி, ஆனால் வாசகனாக என் கருத்தையும் சொல்கிறேன். திரில்லர் என்று போட்டுவிட்டு ஆளைக் காட்டாமல் முடித்தால் ஏமாற்றம்தான். நிஜத்தில் பிடிபட்ட வழக்கே இருக்கிறதே, அதை எடுக்கலாமே. பம்பாய் ராமன் ராகவ். அவனும் நடைபாதையிலும் குடிசையிலும் தூங்கினவர்களைத்தான் கொன்றான். அதில் துரத்தல், கைது, வாக்குமூலம், நீதிமன்றம் எல்லாமே இருக்கிறது.

கோவை நந்தினி (வழக்கறிஞர்):

விறுவிறு வாசகன் சொன்ன வழக்கைக் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம், ஏனென்றால் அது உங்கள் வாதத்துக்கு எதிராகத்தான் பேசுகிறது.

1965-66ல் பம்பாயின் ரயில் பாதையை ஒட்டி 19 பேர் தாக்கப்பட்டு 9 பேர் இறந்தார்கள். அப்போதே ராமன் ராகவைப் பிடித்தார்கள். கொள்ளை வழக்கில் ஐந்து வருடம் சிறையிலிருந்தவன், போலீஸ் கோப்பில் இருந்தவன். ஆதாரம் போதாமல் விட்டுவிட்டார்கள். 1968ல் மறுபடி தொடங்கியது. குற்றப்பிரிவுக்குத் தலைமையேற்ற ரமாகாந்த் குல்கர்னி தேடுதலை முடுக்கினார். அந்த ஆகஸ்ட் 27ஆம் தேதி அலெக்ஸ் ஃபியாலோ என்ற உதவி ஆய்வாளர் படத்தையும் வர்ணனையையும் வைத்து தெருவில் ஆளை அடையாளம் கண்டார். அவனிடம் இருந்தவை: ஒரு மூக்குக்கண்ணாடி, இரண்டு சீப்பு, கத்திரிக்கோல், ஊதுபத்தி ஸ்டாண்ட், சோப்பு, பூண்டு, தேயிலைத் தூள், ஏதோ கணக்குப் போட்ட இரண்டு தாள்கள். பட்டியலைப் பாருங்கள். அவனும் வீடில்லாதவன்தான்.

பல நாள் வாய் திறக்கவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டதற்குக் கோழிக்கறி கேட்டான், வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு பேசினான் என்பது பிரபலமான செய்தி. போலீஸிடம் சொல்லும் வாக்குமூலம் அப்போதிருந்த சாட்சியச் சட்டம் பிரிவு 25ன்படி செல்லாது. அவன் காட்டிக்கொடுத்து ஒரு பொருளை எடுத்தால் பிரிவு 27ன்படி அந்த அளவுக்கு மட்டும் செல்லும். அதனால்தான் அவன் ஒளித்துவைத்திருந்த இரும்பு ஆயுதம் கிடைத்தது அவ்வளவு முக்கியமானது. மாஜிஸ்திரேட் முன்பும் வாக்குமூலம் பதிவானது. அவனே ஒப்புக்கொண்டது 41 கொலை. மரண தண்டனை விதித்தார்கள். பிறகு உயர் நீதிமன்றம் மூன்று மனநல மருத்துவர்கள் கொண்ட குழுவை அமைத்தது. தீராத மனச்சிதைவு நோய் என்று குழு சொன்னது. தண்டனை ஆயுளாகக் குறைந்தது. எரவாடா சிறையில் இருந்து 1995ல் சிறுநீரகக் கோளாறால் செத்தான்.

இவ்வளவு தெரிகிறது நமக்கு. அவனிடம் இருந்த பூண்டு வரை தெரிகிறது. செத்தவர்களில் ஒருவர் பெயரை யாராவது சொல்ல முடியுமா? கொலைகாரன் பிடிபட்ட வழக்கிலும் இதே நிலைதான். பிடிபடாத வழக்கில் கேட்கவே வேண்டாம்.

கீழவாசல் செந்தில்:

நந்தினி அவர்களே, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் கையெழுத்துப் பிரதியைத் திறந்து பார்த்தேன். செத்தவர்களை நான் 'முதல் பிணம்', 'மூன்றாவது பிணம்' என்றுதான் எழுதியிருக்கிறேன். பதினோரு அத்தியாயத்திலும்.

காப்பகம் தேவி:

வணக்கம். நான் சென்னையில வீடில்லாதவங்களுக்கான இரவு காப்பகத்துல ஒன்பது வருஷமா வேலை பார்க்கிறேன். இந்த இழையை ரெண்டு நாளா படிச்சிட்டு இருக்கேன். தம்பி ஒத்துக்கிட்டதனால சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.

கதையில, படத்துல எல்லாம் பிளாட்பாரத்துல படுக்கிறவங்கன்னாலே பிச்சைக்காரங்க, இல்லன்னா குடிகாரங்க. நான் பார்த்ததுல பெரும்பாலானவங்க வேலைக்குப் போறவங்க. மீன்பாடி வண்டி ஓட்டுறவர், கல்யாண மண்டபத்துல பாத்திரம் கழுவுற அம்மா, மார்க்கெட்ல மூட்டை தூக்குறவர், பழைய பேப்பர் பொறுக்கிற பொண்ணு. வேலை இருக்கு, வாடகை கொடுக்க முடியாது, அவ்வளவுதான். 2011 கணக்கெடுப்புல பிப்ரவரி 28 ராத்திரி தெருத்தெருவா போய் எண்ணினாங்க. நாடு முழுக்க 17.7 லட்சம் பேர், அதுல நகரத்துல மட்டும் 9.38 லட்சம். எண்ணும்போது கண்ணுக்குப் பட்டவங்க மட்டும் இது.

"காப்பகம் இருக்கே, ஏன் வெளியில படுக்கிறாங்க"ன்னு என்கிட்ட கேட்காதவங்க கிடையாது. 2010ல உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பெரிய நகரங்கள்ல லட்சம் பேருக்கு ஒரு காப்பகம்னு வந்துச்சு. கல்கத்தாவுல 1989ல அதுகூட இல்ல. இருந்தாலும் எல்லாரும் வர மாட்டாங்க. ராத்திரி மூணு மணிக்கு லாரி வந்து நிக்கும், பக்கத்துல படுத்திருந்தாதான் முதல் மூட்டை கிடைக்கும். வண்டியை வெளியில விட்டுட்டு உள்ள படுத்தா காலையில சக்கரம் இருக்காது. புருஷன் ஒரு இடம், பொண்டாட்டி ஒரு இடம்னு பிரிச்சா குடும்பத்தோட இருக்கிறவங்க எப்படி வருவாங்க?

தூங்குறதுலயே அவ்வளவு கணக்கு இருக்கு. செருப்பு தலைக்கு அடியில போகும், இல்லன்னா காலையில வெறுங்கால்தான். பணம் இடுப்புத் துணியில, அதுமேல குப்புறப் படுப்பாங்க. பொண்ணுங்க வெளிச்சத்துல, ஏடிஎம் வாசல்லயோ ஆஸ்பத்திரி கேட்லயோ. தெரு நாய்க்குப் பாதி பன் போட்டு வளர்ப்பாங்க, அது குரைச்சாதான் இவங்க முழிக்க முடியும். வயசான ஆம்பளைங்க சிலர் மட்டும் வெளிச்சம் கண்ணைக் குத்துதுன்னு இருட்டுப் பக்கம் தனியா ஒதுங்குவாங்க. உங்க கதையில செத்தது அவங்களாத்தான் இருக்கும்.

லேக் மார்க்கெட் வரதன்:

1987 முதல் 1992 வரை டல்ஹௌசி பக்கம் ஒரு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருந்த லேக் மார்க்கெட்டில் வாசம். தேவி அம்மா எழுதியதைப் படித்ததும் அந்த ஊர் கண் முன்னால் வந்து நின்றது.

செந்தில், 1989 கல்கத்தா என்றால் முதலில் மின்வெட்டு. ராத்திரி திடீரென்று ஒரு தெரு முழுக்க அணைந்துவிடும். வெளிச்சம் பார்த்துப் படுத்தவனும் இருட்டில் கிடப்பான். இரண்டாவது, மெட்ரோ. 1984ல் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர் வரை ஓடத் தொடங்கிவிட்டது, ஆனால் வடக்குப் பக்கப் பாதை முழுதாக முடிந்தது 1995ல்தான். வருடக்கணக்கில் தெருவை வெட்டிப் போட்டிருந்தார்கள். கல்லும் கான்கிரீட் துண்டும் தேடிப்போக வேண்டியதில்லை, காலில் இடறும்.

மூன்றாவது, ஜூன் என்றால் மழை. வடக்குக் கல்கத்தாவின் பழைய மாளிகைகளில் மாடி முகப்பு நடைபாதைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். 'காடி பாரந்தா' என்பார்கள், அந்தக் காலத்தில் குதிரை வண்டி வந்து நிற்க. மழைக்காலத்தில் நடைபாதைவாசிகளுக்கு அதுதான் கூரை. இடம் சின்னது, உள்ளே நெருக்கமாகப் படுப்பார்கள். இடம் கிடைக்காதவன்தான் தனியாகப் போவான். கை ரிக்‌ஷாக்காரர்களில் பலர் பீகாரிலிருந்து வந்தவர்கள், ரிக்‌ஷாவின் கால் வைக்கும் பலகையிலேயே சுருண்டு தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். படாபஜார் என்ற பெரிய மொத்த வியாபாரச் சந்தையின் மூட்டைக்காரர்கள் தள்ளுவண்டி மேல்.

அந்த ஆறு மாதமும் கடைசி டிராமைத் தவறவிட்டு நடந்து வரும்போது நடைபாதையில் யாருமே தூங்கவில்லை என்று தோன்றும். போர்வைக்குள்ளிருந்து கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கும். நான் குட்டையானவன், கையில் டிபன் கேரியர். என்னைப் பார்த்தும் ஒரு கிழவி பேரனை இழுத்து அணைத்துக்கொண்டாள். தெருவில் நடக்கிற ஒவ்வொருவனும் அந்தக் கொலைகாரனாக இருக்கலாம் அவர்களுக்கு.

விறுவிறு வாசகன்:

வரதன் ஐயா எழுதின கடைசிப் பத்தி போதும் எனக்கு. கொலைகாரன் முகம் வேண்டும் என்று கேட்டதை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் செந்தில், ஏதோ ஒன்று கண்டுபிடிக்கப்பட வேண்டும். கண்டுபிடிப்பே இல்லாமல் துப்பறியும் கதை நகராது.

கீழவாசல் செந்தில்:

ஆமாம். அதனால் ஆய்வாளர் ஐயா சொன்ன இடத்திலிருந்தே தொடங்கிவிட்டேன். என் அதிகாரி கொலைகாரனைத் தேடி அலைவது பின்னால் போகிறது. முன்னால் வருவது ஐந்தாவது ஆளின் பெயர். ஒரே ஒருவரின் பெயரையாவது அந்தக் காலிக் கட்டத்தில் எழுதிவிட வேண்டும் என்று அவர் கிளம்புகிறார். முதல் அத்தியாயத்தின் புதிய ஆரம்பம் இது, நேற்று ராத்திரி எழுதினேன்:

"மழை விட்டிருந்தது. காடி பாரந்தாவுக்கு வெளியே, தூணுக்கு இரண்டடி தள்ளி, ஈரத் தரையில் சாக்கு விரித்திருந்தது. சாக்கின் நாலு மூலையும் உள்பக்கம் மடிக்கப்பட்டிருந்தன, தண்ணீர் ஏறாமலிருக்க. படுப்பதற்கு முன்னால் அவன் அதை நிதானமாகச் செய்திருக்கிறான். செருப்பைக் காணவில்லை. அதிகாரி குனிந்து அவன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்."

இதற்கு மேல் போகவில்லை. உள்ளங்கையில் அவர் என்ன பார்ப்பார்?

ஓய்வு ஆய்வாளர், தஞ்சாவூர்:

செருப்பைக் காணவில்லை என்று எழுதியது நல்லது. தேவி அம்மா சொன்னபடி தலைக்கு அடியில் இருக்கும், உடலைத் தூக்கும்போதுதான் தெரியும்.

உள்ளங்கையில் நிற்காதீர்கள். அங்க அடையாளம் என்ற கட்டத்தில் மச்சம், தழும்பு மட்டும் எழுதுவது வழக்கம். காய்ப்பு எழுத மாட்டோம். ரிக்‌ஷா இழுத்தவனுக்குக் கையில் காய்ப்பு இருக்கும். மூட்டை தூக்கினவனுக்குத் தோளிலோ பிடரியிலோ. தச்சனுக்கு, செக்கிலிருந்து எண்ணெய் எடுத்தவனுக்கு, ஒவ்வொருவனுக்கும் ஒரு இடம். அதைப் படிக்கத் தெரிந்தால் அவன் எந்தச் சந்தையில் வேலை பார்த்தான் என்று தெரியும். சந்தைக்குப் போனால் மேஸ்திரிக்குப் பெயர் தெரியும்.

லேக் மார்க்கெட் வரதன்:

படாபஜாரில் தோளில் தூக்குவதை விடத் தலையில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். துணியை வளையமாகச் சுற்றி உச்சந்தலையில் வைத்து அதன்மேல் மூட்டை. நம்ம ஊர் சும்மாடு மாதிரியேதான்.

காப்பகம் தேவி:

கோயம்பேட்டுலயும் சும்மாடுதான். எங்ககிட்ட வர்ற மூட்டைத் தூக்குறவங்க அதைத் தூக்கிப் போட மாட்டாங்க. ராத்திரி அதுதான் தலையணை. ஒரு தாத்தா ரெண்டு வருஷம் ஒரே சும்மாட்டை வச்சிருந்தார், கிழிய கிழிய மேல வேற துணி சுத்திக்கிட்டே இருப்பார். எந்தக் கூட்டத்துல போட்டாலும் அவரோடதை அவர் சரியா எடுத்துடுவார். மத்தவங்களும் "இது பெரியவரோடது"ன்னு சொல்லிடுவாங்க.

கீழவாசல் செந்தில்:

அப்படியென்றால் அந்தக் கல் விழும்போது அவன் தலைக்கு அடியில் இருந்தது அதுதான். ஐயா, ஒரு சந்தேகம். பொருட்கள் பட்டியலில் அதை எப்படி எழுதியிருப்பார்கள்?

ஓய்வு ஆய்வாளர், தஞ்சாவூர்:

நானாக இருந்தால், அந்த வயதில், 'அழுக்குத் துணி, ஒன்று' என்று எழுதியிருப்பேன்.

கீழவாசல் செந்தில்:

அந்த வரியை ஒரு இளம் கான்ஸ்டபிள் எழுதட்டும். என் அதிகாரி அதை அடிக்காமல், பக்கத்தில் ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு, துணியைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு விடிகாலை நாலு மணிக்குப் படாபஜாருக்குப் போகிறார். வரதன் ஐயா, அந்த நேரத்தில் லாரிகள் எந்தத் தெருவில் நிற்கும்?